ஆவேசம் வராத நாட்களில் எழுதியவர்

ஓர் எழுத்தாளர் எப்போது எழுதத் தொடங்கினார் என்பதை இலக்கிய வரலாறுகள் தவறாமல் குறித்துவைக்கின்றன. அவர் எப்போது நிறுத்தினார் என்பதைக் குறிப்பவர்கள் குறைவு. நிறுத்தியவர்களின் பட்டியல் நீளமானது. இரண்டு மூன்று நல்ல கதைகளோடு சிற்றிதழ்ப் பக்கங்களில் தோன்றி, பிறகு அலுவலகத்திலோ குடும்பத்திலோ கரைந்துபோனவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் இருந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் திறமையில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். எழுத வந்த கதை எவருக்கும் சுவாரசியமாகவே இருக்கும். ஐம்பது அறுபது ஆண்டுகள் எழுதிக்கொண்டே இருந்த கதையில் வெளிப்பார்வைக்கு ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் எழுத விரும்பும் ஒருவருக்கு அந்த இரண்டாவது கதைதான் அதிகம் பயன்படக்கூடியது என்று தோன்றுகிறது.

2017 மார்ச் 23 அன்று வேளச்சேரியில் அசோகமித்திரன் காலமானபோது அவருக்கு வயது எண்பத்தைந்து. 1950களின் நடுப்பகுதியில் தொடங்கிய எழுத்து அந்த வயதிலும் நின்றிருக்கவில்லை. 'தி இந்து' தமிழ் நாளிதழில் 'மவுனத்தின் புன்னகை' என்ற தலைப்பில் பத்தி எழுதிவந்தார். இருநூறுக்கும் மேற்பட்ட சிறுகதைகள், நாவல்கள், குறுநாவல்கள், எண்ணற்ற கட்டுரைகள், மதிப்புரைகள், ஆங்கிலத்திலும் தமிழிலுமாகப் பத்திகள் என்று நீண்ட வாழ்வு அது. இத்தனையையும் எழுதவைத்தது எது என்ற கேள்விக்கு 'அகத்தூண்டுதல்' என்று ஒரு சொல்லில் விடை சொல்லிவிடலாம். அந்த விடை அவர் விஷயத்தில் அநேகமாகப் பொருந்தாது என்பதே அவரது வாழ்வை ஆராயத் தக்கதாக்குகிறது.

படைப்பு எப்படிப் பிறக்கிறது என்பதைப் பற்றித் தமிழில் இரண்டு கற்பிதங்கள் வேரூன்றியிருக்கின்றன. ஒன்று, அருள் வந்து பாடுகிறவன். நம் பக்தி மரபும், அதற்குப் பின் பாரதியைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் கதைகளும் இந்தச் சித்திரத்தை உறுதிசெய்திருக்கின்றன. இரண்டாவது, எழுத்துக்காக எரிந்து சாம்பலானவன். கண் பார்வை மங்கிய நிலையிலும் எழுத்தையே நம்பி வாழ்ந்து 1944ல் மறைந்த கு.ப.ராஜகோபாலன், திரைப்பட வேலையாகப் புனே சென்று காசநோயோடு திரும்பி 1948ல் நாற்பத்திரண்டாம் வயதில் திருவனந்தபுரத்தில் இறந்த புதுமைப்பித்தன் ஆகிய இருவரும் இந்த இரண்டாவது சித்திரத்துக்கு உயிர்கொடுத்தவர்கள். அவர்களது துன்பம் உண்மையானது, அவர்களது சாதனையும் உண்மையானது. ஆனால் இவ்விரு சித்திரங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு எழுத உட்காரும் இளைஞர் முதல் வகைக்காகக் காத்திருந்து சோர்கிறார், அல்லது இரண்டாம் வகையைக் கண்டு அஞ்சி விலகுகிறார். மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ள ஜெமினி ஸ்டூடியோவின் ஓர் அறையிலிருந்து தொடங்கவேண்டும்.

1931 செப்டம்பர் 22ல் செகந்திராபாதில் பிறந்த ஜ.தியாகராஜன் ரயில்வே ஊழியரின் மகன். தந்தை இறந்தபின் குடும்பம் நிலைகுலைந்தது. தந்தையின் நண்பரான எஸ்.எஸ்.வாசனின் அழைப்பின்பேரில் 1952ல் சென்னைக்கு வந்து ஜெமினியில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று, செய்தித்தாள்களைக் கத்தரித்துப் பொருள்வாரியாகக் கோப்புகளில் சேர்ப்பது. நாள் முழுவதும் ஒருவர் காகிதம் கிழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்கள் அவருக்கு வேலையே இல்லை என்று நினைத்து, அறைக்குள் வந்து தங்கள் மனக்குறைகளையும் கொள்கைகளையும் கொட்டிவிட்டுப் போனதைப் பிற்காலத்தில் ஆங்கிலத்தில் எழுதிய ஜெமினி நினைவுக் கட்டுரைகளில் வேடிக்கையாக விவரித்திருக்கிறார். அக்கட்டுரைகளின் ஒரு பகுதி பன்னிரண்டாம் வகுப்பு மத்தியக் கல்வித்திட்ட ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்று, அவரது தமிழ்க் கதை ஒன்றைக்கூட வாசித்திராத பல லட்சம் மாணவர்களைச் சென்றடைந்தது.

அதில் ஒரு நிகழ்ச்சி நம் பேசுபொருளுக்கு மிக நெருக்கமானது. ஆங்கிலக் கவிஞர் ஒருவர் ஜெமினிக்கு வருகைதந்து உரையாற்றினார். அவர் பேசியது அங்கிருந்த யாருக்கும் விளங்கவில்லை. ஒரு கவிஞரை இந்த ஸ்டூடியோவுக்கு ஏன் அழைத்துவந்தார்கள் என்பதும் விளங்கவில்லை. வெகுநாட்களுக்குப் பின், 'என்கவுண்டர்' என்ற பிரிட்டிஷ் இதழ் சிறுகதைப் போட்டி ஒன்றை அறிவித்திருப்பதை 'தி இந்து'வில் பார்த்த அசோகமித்திரன், தபால் செலவு செய்து கதையை அனுப்புவதற்கு முன் அது எப்படிப்பட்ட இதழ் என்று தெரிந்துகொள்ள பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்துக்குப் போகிறார். ஆசிரியர் பெயர் ஸ்டீபன் ஸ்பெண்டர். ஸ்டூடியோவுக்கு வந்தவர் அவரே. இன்னும் சில ஆண்டுகள் சென்று, கையில் நேரம் நிறையவும் பணம் குறைவாகவும் இருந்த காலத்தில், மவுண்ட் ரோடு தபால் நிலைய நடைபாதையில் ஐம்பது பைசாவுக்கு ஒரு புத்தகம் வாங்குகிறார். கம்யூனிசத்தில் நம்பிக்கை கொண்டு பின் அதை இழந்த ஆறு எழுத்தாளர்களின் கட்டுரைகள் அடங்கிய நூல். அந்த ஆறு பேரில் ஸ்பெண்டரும் ஒருவர். கவிஞரை அழைத்துவந்ததற்கான காரணம் அப்போதுதான் துலங்குகிறது.

இந்த நகைச்சுவையின் நடுவே போகிறபோக்கில் அசோகமித்திரன் உரைநடையைப் பற்றி ஒரு கருத்தைச் சொல்லிச் செல்கிறார். உரைநடை மேதைகளுக்கான தொழிலே அல்ல. திருப்பியனுப்பப்பட்ட கதையைப் பார்த்து மனம் உடையாமல் மறுபடி நகலெடுத்து, திரும்பிவரத் தேவையான தபால்தலையையும் சேர்த்து அடுத்த பத்திரிகைக்கு அனுப்பிவைக்கும் பொறுமைசாலிக்கே அது உரியது என்று பொருள்படும்படி எழுதுகிறார். படிப்பவர் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். ஆனால் அவரது வாழ்க்கையை அருகில் வைத்துப் பார்த்தால் இது வெறும் கேலி அல்ல என்பது தெரியும். தன்னை மேதை என்று எண்ணிக்கொள்கிறவனுக்கு ஒவ்வொரு நிராகரிப்பும் தீர்ப்பாகிவிடுகிறது. தொழிலாளி என்று எண்ணிக்கொள்கிறவனுக்கு அது அன்றைய தபாலில் வந்த ஒரு காகிதம் மட்டுமே. நீடித்து எழுதுவதற்கான முதல் பாதுகாப்பு இந்தச் சுயமதிப்பீட்டில் இருக்கிறது.

1966ல் அவர் ஜெமினியிலிருந்து விலகினார். வயது முப்பத்தைந்து. முழுநேர எழுத்தாளராக வாழ்வது என்ற முடிவு தமிழ்ச் சூழலில் என்ன விளைவுகளைத் தரும் என்பதற்குக் கண்முன் உதாரணங்கள் இருந்தன. பெரும் வணிக இதழ்களில் தொடர்கதை எழுதும் நட்சத்திரமும் அல்லர் அவர். அதன்பின் வந்த ஆண்டுகளின் பொருளாதார நெருக்கடியைப் பற்றி அவரே பலமுறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஆனால் எழுத்து நிற்கவில்லை. எப்படி நிற்காமல் இருந்தது என்று பார்த்தால் மிகச் சாதாரணமான சில ஏற்பாடுகள் தென்படுகின்றன.

முதலாவது இடம். தி.நகரில் அவர் வாழ்ந்த காலத்தில் வெங்கட்நாராயணா சாலையிலுள்ள நடேசன் பூங்காவில் அமர்ந்து எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டிருந்தார். குடும்பம் நடக்கிற வீட்டில் தனியறை என்பது நடுத்தர வர்க்கத்துக்கு எட்டாத ஆடம்பரம். எழுதுவதற்குத் தனிமை வேண்டும், மலைச்சாரல் வேண்டும், ஜன்னலுக்கு வெளியே மரம் வேண்டும் என்று நாம் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் எழுதாமலிருப்பதற்கான ஏற்பாடு. நகராட்சிப் பூங்காவுக்கு வாடகை இல்லை. அங்கே மரமும் இருந்தது, கூடவே ஓய்வுபெற்றவர்களும், வேலையற்றவர்களும், சுண்டல் விற்பவர்களும் இருந்தார்கள். அவரது கதைகளில் நடமாடும் மனிதர்கள் இவர்களே என்பதை நினைவுகூர்ந்தால், அந்த பெஞ்சு எழுதுமிடம் மட்டுமல்ல என்பது விளங்கும்.

இரண்டாவது, தவணை. 1965ல் கி.கஸ்தூரிரங்கன் தில்லியில் தொடங்கிய 'கணையாழி'யின் சென்னைப் பொறுப்பை இருபது ஆண்டுகளுக்கு மேலாக அசோகமித்திரன் கவனித்துக்கொண்டார். ஊதியத்துக்காக யாரும் செய்யக்கூடிய வேலை அல்ல அது. ஆனால் மாத இதழுக்கு ஒரு குணம் உண்டு. எழுத்தாளனின் மனநிலையை அது விசாரிப்பதில்லை. மாதம் பிறந்தால் பக்கங்கள் நிரம்பியாகவேண்டும். பிறர் கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கவேண்டும், பிழைதிருத்தவேண்டும், அச்சகத்துக்குப் போய்வரவேண்டும். இந்த உழைப்பு அவரது சொந்த எழுத்தின் நேரத்தைத் தின்றது என்று வருந்துபவர்கள் உண்டு. வேறொரு கோணமும் இருக்கிறது. 'தண்ணீர்' கணையாழியில் தொடராக வந்த நாவல். 'கரைந்த நிழல்கள்' நா.பார்த்தசாரதியின் 'தீபம்' இதழில் தொடராக வந்தது. ஒரு முழு நாவலை எழுதி முடிப்பதற்கான நிம்மதியான ஓராண்டு அந்த வாழ்க்கையில் வாய்த்திருக்காது. அடுத்த மாதத்துக்கு ஓர் அத்தியாயம் என்பது வாய்த்தது. தமிழ் நவீன இலக்கியத்தின் முக்கியமான நாவல்கள் சில மாதத் தவணைகளில் கட்டப்பட்டவை என்பது அவற்றின் கலைமதிப்பைக் குறைத்துவிடவில்லை.

மூன்றாவது, கைக்கெட்டும் தொலைவில் இருப்பதையே எழுதுவது. எதை எழுதுவது என்று தெரியவில்லை என்பது எழுத்தை நிறுத்தியவர்கள் சொல்லும் முக்கியக் காரணம். அசோகமித்திரனின் கச்சாப்பொருளைப் பட்டியலிட்டால் வியப்பே ஏற்படும். செகந்திராபாதின் ரயில்வே குடியிருப்பில் கழிந்த இளமை, ஜெமினியின் பதினான்கு ஆண்டுகள், தி.நகரின் தெருக்கள், அயோவா நகரின் சர்வதேச எழுத்தாளர் பயிலரங்கில் 1973–74ல் கழித்த மாதங்கள். இவ்வளவுதான். இந்த நான்கு வயல்களை மீண்டும் மீண்டும் உழுதே அவர் அறுபதாண்டு விளைச்சலை எடுத்தார். 1948ல் ஐதராபாத் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த நாட்களைக் கிரிக்கெட் ஆடும் ஒரு மாணவனின் கண்வழியாகச் சொல்லும் 'பதினெட்டாவது அட்சக்கோடு' 1977ல் நூலாக வந்தது. அந்த நகரை விட்டு வந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. அயோவா அனுபவம் 'ஒற்றன்' ஆனது 1985ல். அனுபவம் தீர்ந்துபோவதில்லை, அதைப் பார்க்கும் பொறுமைதான் தீர்ந்துபோகிறது என்பதற்கு இந்த இடைவெளிகளே சாட்சி.

'புலிக்கலைஞன்' கதையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். வாய்ப்புத் தேடி ஸ்டூடியோவின் அலுவலக அறைக்குள் ஒருவன் வருகிறான். புலிவேடக்காரன். அங்கிருப்பவர்கள் சலிப்போடு அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்ணெதிரே அவன் புலியாகிவிடுகிறான். சில நிமிடங்கள் அந்த அறை அச்சத்தில் உறைகிறது. பிறகு மறுபடியும் அவன் பசித்த, கூச்சமுள்ள மனிதன். பின்னால் அவனைத் தேடும்போது அவன் இல்லை. கலையின் ஆவேசம் என்றால் என்ன என்பதைத் தமிழில் இத்தனை கூர்மையாகக் காட்டிய கதைகள் அரிது. ஆனால் அந்த ஆவேசம் யாருக்கு வந்தது என்று கவனிக்கவேண்டும். புலிக்கலைஞனுக்கு வந்தது. அதைச் சொல்கிறவர் அலுவலக ஊழியர். அவர் செய்ததெல்லாம் அந்த மதியப் பொழுதில் தன் நாற்காலியில் இருந்தது, கண்ணைத் திறந்து வைத்திருந்தது, பிறகு அதைக் குரல் உயர்த்தாமல் எழுதிவைத்தது. புலிக்கலைஞன் மறைந்துபோனான். நாற்காலியில் இருந்தவர் வழியாக அவன் நமக்கு மிஞ்சினான்.

'தண்ணீர்' நாவலிலும் இதே பார்வை வேறு வடிவில் இருக்கிறது. தண்ணீர்ப் பஞ்சத்தில் தவிக்கும் சென்னைத் தெருவில், சினிமாக் கனவு கலைந்த ஜமுனா வாழ்வதற்கான காரணத்தை இழந்து நிற்கிறாள். அவளுக்கு ஆறுதல் சொல்லும் டீச்சரம்மாவிடம் தத்துவம் ஏதும் இல்லை. நோயாளிக் கணவர், மாமியார், பள்ளிக்கூடம், வீட்டுவேலை என்று சுமையே வாழ்வானவள். நம்பிக்கை வந்தபிறகு அவள் குடத்தைத் தூக்குவதில்லை. தூக்கவேண்டிய குடம் இருக்கிறது, தூக்குகிறாள். ஜமுனா கற்றுக்கொள்வது அதையே. இந்த நாவலை எழுதியவர் தன் எழுத்து வாழ்வையும் அப்படித்தான் நடத்தினார் என்று சொல்வது மிகையாகாது.

இந்த வழிக்கு விலை உண்டு. நாள்தோறும் எழுதுகிறவரின் எல்லாப் பக்கங்களும் ஒரே தரத்தில் இருக்காது. அசோகமித்திரனின் இருநூறு கதைகளில் சாதாரணமானவையும் இருக்கின்றன, ஒரே அனுபவம் வெவ்வேறு கதைகளில் திரும்ப வருவதும் உண்டு. மௌனி இருபத்துச் சொச்சம் கதைகளோடு நிறுத்திக்கொண்டதால் அவரது உலகில் இந்தத் தளர்ச்சி நேரவில்லை என்று வாதிடலாம். ஆனால் 'புலிக்கலைஞன்' அல்லது 'காலமும் ஐந்து குழந்தைகளும்' எழுதப்படும் நாள் எது என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியில்லை. சாதாரண நாட்களிலும் பூங்காவுக்குப் போனவர் அந்த நாளிலும் அங்கே இருந்தார், அவ்வளவே. இன்னொரு விலையையும் மறைக்கக்கூடாது. எழுத்தாளரின் பிடிவாதத்துக்கான செலவைக் குடும்பமும் சேர்ந்தே கட்டுகிறது. வறுமையை இலக்கியத்தின் அணிகலனாக்கும் போக்கு நம்மிடம் உண்டு. அசோகமித்திரனின் எழுத்தில் வறுமை ஒருபோதும் அணிகலன் ஆனதில்லை. அது பேருந்துக் கட்டணமாகவும் சைக்கிள் பழுதாகவும் வருகிறது. அவரைப் போற்றுகிறவர்கள் இதை மறந்துவிடலாகாது.

தொடர்ந்து எழுத வேறு வழிகளும் இருந்தன. சி.சு.செல்லப்பாவை எண்ணிப் பார்க்கலாம். 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குச் சென்று விற்றார். முதுமையில், 1997ல், தன் பெருநாவலான 'சுதந்திர தாக'த்தைத் தானே மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்; அடுத்த ஆண்டு மறைந்தார். சாகித்திய அகாதமி விருது 2001ல், அவர் இறந்தபின் அந்த நூலுக்கு வந்தது. செல்லப்பாவைச் செலுத்தியது ஒரு விரதம். இலக்கியம் இப்படி இருக்கவேண்டும் என்ற உக்கிரமான கொள்கை. விரதம் எல்லோருக்கும் கைகூடாது, அதற்குத் தனி உடற்கட்டு வேண்டும். அசோகமித்திரனுடையது வழக்கம். சத்தமின்றித் தொடர்வது. ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப் தபால் துறையில் பணியாற்றிக்கொண்டே விடிகாலையில் எழுந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக் கால் மணிக்கு இருநூற்றைம்பது சொற்கள் வீதம் எழுதியதைத் தன் சுயசரிதையில் ஒளிக்காமல் சொன்னார். 1883ல், அவர் இறந்த மறு ஆண்டு அது வெளிவந்தபோது, கலையைச் செருப்புத் தைப்பதோடு ஒப்பிட்டுவிட்டார் என்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். டிரோலப்பின் நாவல்களை இன்றும் படிக்கிறார்கள். எங்கேயும் வாசகர்கள் கலைஞனிடம் மந்திரத்தை எதிர்பார்க்கிறார்கள். அவன் மேஜையையும் கடிகாரத்தையும் காட்டினால் ஏமாற்றமடைகிறார்கள்.

கடைசியாக வேளச்சேரி. தண்டீசுவரர் கோயிலும் சோழர் காலக் கல்வெட்டுகளும் கொண்ட இந்தப் பழைய ஊர் நெடுங்காலம் ஏரியும் வயலுமாகச் சென்னைக்கு வெளியே கிடந்தது. நகரம் தெற்கே நகர்ந்தபோது வயல்கள் மனைகளாயின, ஏரி சுருங்கியது. 2007ல் பறக்கும் ரயில் வந்துசேர்ந்தது, 2013ல் பேரங்காடி திறந்தது. தண்ணீர் இல்லாத சென்னையை எழுதிய நாவலாசிரியர் தன் முதுமையில் வந்துசேர்ந்தது தண்ணீரின் இடத்தில் எழுந்த புறநகருக்கு. 2015 டிசம்பரில் ஏரி தன் பழைய எல்லையைத் தேடி வந்தபோது வேளச்சேரித் தெருக்களில் படகுகள் ஓடின. தி.நகரில் அவருக்கிருந்த பூங்கா இங்கே இல்லை. நடந்துபோய் அச்சகத்தில் கொடுக்கும் பழக்கமும் காலாவதியாகியிருந்தது. உடல் தளர்ந்திருந்தது. 1996ல் 'அப்பாவின் சிநேகிதர்' தொகுப்புக்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்துவிட்டிருந்தது, வேறு பல அங்கீகாரங்களும் வந்திருந்தன. நிரூபிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. நிறுத்திக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்போதும் எழுதினார் என்பதே இந்த வரலாற்றின் சாரம். இருபது வயதில் புகழாசை எழுதவைக்கலாம், முப்பதில் கோபம் எழுதவைக்கலாம், நாற்பதில் பணத்தேவை எழுதவைக்கலாம். எண்பதுக்கு மேல் இவை எல்லாம் உதிர்ந்தபின் எஞ்சுவது பழகிய கை மட்டுமே. பழைய செகந்திராபாதின் தெருக்களும், மறைந்த நண்பர்களும், ஐம்பதாண்டுகளுக்கு முன் பார்த்த சினிமாக்களும் அந்தக் கடைசிக்காலப் பத்திகளில் அதே தாழ்ந்த குரலில் வந்துகொண்டிருந்தன. உந்துதல் வந்து எழுதியவை என்று அவற்றைச் சொல்வதைவிட, எழுத உட்கார்ந்ததால் வந்தவை என்று சொல்வதே பொருந்தும்.

மேஜை இழுப்பறையில் பாதிக் கதையை வைத்திருப்பவர்கள் இவ்வாசகர்களிலும் பலர் இருக்கக்கூடும். அது முடியாமல் நிற்பதற்குத் தன் திறமையின் போதாமையே காரணம் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். அசோகமித்திரனின் வாழ்வு வேறு விசாரணைகளை முன்வைக்கிறது. வீட்டில் இடமில்லையென்றால் அருகில் பூங்கா எங்கே இருக்கிறது? எந்த இதழுக்கு, எந்தத் தேதிக்குள் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்? அலுவலகத்தில் எதிர் நாற்காலியில் இருப்பவரை எத்தனை ஆண்டுகளாகப் பார்க்காமலே பார்த்துக்கொண்டிருக்கிறோம்? திரும்பிவந்த கதையை அடுத்த பத்திரிகைக்கு அனுப்பிவிட்டோமா? இந்தக் கேள்விகளுக்கு ஞானம் தேவையில்லை, இன்று மாலைக்குள்ளேயே பதில் சொல்லிவிடலாம்.